எட்டாவது செவ்வாய்

புந்தா அரீனஸில் காற்று பலக்கும் நாட்களில்
தெருமுனைக் கம்பங்களுக்கிடையே
கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்துத்தான் வங்கிக்குப் போவோம்,
அதைப் பிடித்துத்தான் வெறுங்கையோடு திரும்புவோம்.

அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான்
யாஸ்னாவுக்கு யோசனை வந்தது என்று
எல்லாரிடமும் சொல்லி வந்தேன்.
பொய்.
வாடகை கட்ட முடியாமல்
தன் நீச்சல் வகுப்பை அவள் மூடிய வாரம் அது.
"தனியாகத் தோற்பது அலுப்பாக இருக்கிறது.
செவ்வாய் இரவு எட்டு மணிக்குத் திரையில் இருப்பேன்.
தொழில் வைத்திருப்பவர்கள், வைத்திருந்தவர்கள்
யாரும் வரலாம்."

முதல் செவ்வாய் நான் மட்டும் போனேன்,
வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன்.
ஒரு மணி நேரம்
திருகாணி விலை பேசினோம்.

பிறகு ஜலசந்திக்கு அக்கரையிலிருந்து நெல்டா,
நாய்களுக்கு முடி வெட்டுபவள்.
வடக்கே நத்தாலெஸிலிருந்து
ஓட்டப் பயிற்சியாளன் எலியேசர்,
உட்காரவே தெரியாதவன்.
யார் நுழைந்தாலும் யாஸ்னா
பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு
பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.
பாதியில் விட்ட பேச்சுகள்
எத்தனையோ இன்னும் அப்படியே கிடக்கின்றன.

யாராவது நொந்து பேசினால்
முதலில் ஒன்று கேட்க வேண்டும்:
"யோசனை வேண்டுமா, காது போதுமா?"
பெரும்பாலும் காது.

ராதோமிர் டை கட்டி வந்தார்.
விற்பனைப் பயிற்சியாளர்.
வெற்றிக்கு ஏழு படி,
முதல் படி இலவசம்.
"ஈர பூட்ஸை வாசலில்தானே விடுவோம்,
விலைப்பட்டியலையும் அங்கேயே விடுங்கள்" என்றாள்.
முகம் சிவந்து சட்டென்று மறைந்தார்.
மறுவாரம் வந்தார். டை இல்லை.

எதெல்மிராவுக்கு முகமே இல்லை.
கறுப்புச் சதுரம், அதில் பெயர்.
ஏழு வாரம்.
வேவு பார்க்கிறாளோ என்று நான்தான் முணுமுணுத்தேன்.
"இருட்டில் நிற்பவரும்
வீட்டுக்குள்தான் நிற்கிறார்" என்றாள் யாஸ்னா.
வாராவாரம் அதே வரவேற்பு:
எதெல்மிரா, வந்துட்டீங்க, நல்லது.
அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

எட்டாவது செவ்வாய் சதுரம் திறந்தது.
முதலில் கூரை தெரிந்தது,
அப்புறம் மாவு,
அப்புறம் பாதி முகம்.

"கடனுக்கு ரொட்டி வாங்கினவர்களிடம்
எப்படிக் கேட்பது?
எல்லாரும் தெரிந்தவர்கள்.
வாய் வர மாட்டேன் என்கிறது."

ராதோமிர் வாய் திறந்தார், மூடினார்.
"யோசனையா, காதா?"
"தெரியலையே" என்றாள்.

நெல்டா எழுந்து போனாள்.
காலி நாற்காலி,
பின்னால் ஒரு நாய்.
திரும்பி வந்து திரைக்கு நேரே
நோட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினாள்.
அடித்தல் திருத்தல், பெயர்கள், தொகைகள்,
ஓரத்தில் ஈரமான பாத அடையாளம்.
எலியேசர் ஓடினான், ஓடத் தெரிந்தவன்தானே.
நானும் பட்டறைக்குப் போய்
கம்பியால் கட்டி வைத்திருந்த என்னுடையதை
எடுத்து வந்தேன்.
திரை முழுக்கக் கணக்கு நோட்டுகள்,
முகங்கள் எல்லாம் நோட்டுக்குப் பின்னால்.

ராதோமிரிடம் நோட்டு இல்லை.
"வசூல் செய்வது எப்படி என்று
வகுப்பு எடுத்தேன்" என்றார்.
"மூன்று பேர்
இன்னும் கட்டணம் கட்டவில்லை."

எதெல்மிரா சிரித்த சிரிப்பில்
எங்கேயோ சல்லடை விழுந்து உருண்டது.
அன்றுதான் முழு முகமும் பார்த்தோம்.

மறுநாள் காற்று. கயிறு கட்டியிருந்தார்கள்.
எதிர்ப்பக்கமிருந்து அதே கயிற்றில்
விடுதிக்காரர் வந்துகொண்டிருந்தார்,
இரண்டு மெஷின், பதினாலு மாதம்.
யாராவது ஒருவர் கையை விட்டால்தான்
இன்னொருவர் கடக்க முடியும்.
இருவரும் நின்றோம்.

கேட்டேன்.
காற்றில் அவர் காதில் விழவில்லை.

இன்னொரு முறை கேட்டேன்.