மாடல் வராத செவ்வாய்

ஒன்பது கட்டம். வெள்ளையில் தொடங்கிக்
கறுப்பில் முடிக்க வேண்டும்.
இருபரிமாணக் கலை, முதல் மாதம்,
வேறு வீட்டுப்பாடமே கிடையாது.
எனக்கோ ஆறுக்கும் ஏழுக்கும்
வித்தியாசம் தெரியவில்லை.
பதினோரு வருடம் டயர் கடையில் கிடந்தவன்.
கறுப்பு என்றால் கறுப்பு,
கழுவினால் போகாது, அவ்வளவுதான்.

இப்போதும் நகக்கண்ணில் கறுப்புதான்.
கரித்துண்டு.
மளிகைக் கடையில் சில்லறை வாங்கக் கை நீட்டியபோது
பழைய வாடிக்கையாளர் கேட்டார்:
"இன்னும் அங்கேதானா, வெண்டல்?"
ஆமாம் என்றேன்.
விளக்கப் போனால் வரிசை நீளும்.

செவ்வாய், உருவம் வரையும் வகுப்பு.
அன்று துலூத்தில்
ஏரியே எழுந்து ஊருக்குள் நடந்ததுபோல் பனி.
மாடலின் கார் ஏதோ ஒரு மேட்டில்
குறுக்கே திரும்பி நிற்கிறதாம்.
பன்னிரண்டு ஈஸல், வட்டமாக.
நடுவில் போர்வை விரித்த மரப்பெட்டி, காலியாக.
"யாராவது உட்காருங்கள். துணியோடுதான்."
உடனே எல்லோருக்கும் பென்சில் சீவும் வேலை வந்துவிட்டது.
என்னுடையதுதான் முதலில் உடைந்தது.

அப்படித்தான் ஏறினேன்.

இருபது நிமிடம் அசையாமல் இருப்பது
ஜாக்கியின் வேலை.
லாரியைத் தாங்குவதுபோல்
தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது கழுத்து.
மூக்கு அரித்தது. ஹீட்டர் மூன்று முறை இருமியது.
பதினோரு தாளில் கரி உரசும் சத்தம்,
சுவருக்குள் எலி குடித்தனம் நடத்துவதைப் போல.
கண்கள் மேலே வந்தன, கீழே போயின,
மேலே வந்தன.
என்னை யாரும் பார்க்கவில்லை.
காதிலிருந்து தோள் எவ்வளவு தூரம்
என்று பார்த்தார்கள்.
இத்தனை கவனமாக,
இத்தனை கரிசனமே இல்லாமல்
யாரும் என்னை அதுவரை பார்த்ததில்லை.
சுகமாக இருந்தது.
சொல்ல வெட்கம்.

பிறகு சுவரில் குத்தினார்கள்.
கார்லோ நீமியின் தாளில் எனக்கு ஆறு விரல்.
ஒடெஸா என்னைப் பத்து வயது குறைத்திருந்தாள்;
நன்றி சொன்னேன்.
"அது பிழை" என்றாள்.
ஒன்றில் நான் உருளைக்கிழங்கு மூட்டை.
அதுதான் ஓரளவு ஜாடை.

கடைசித் தாள் மாய் நியா வாங்குடையது.
அதில் நான் இல்லை.

ஹீட்டரின் விலாவெலும்புகள் இருந்தன.
ஜன்னல் இருந்தது.
என் கைவளைவுக்குள் தெரிந்த
கார்லோவின் ஈஸல் கால் இருந்தது.
முழங்காலுக்கும் பெட்டிக்கும் நடுவே
சிக்கிக்கொண்ட முக்கோண இருட்டு இருந்தது.
எல்லாம் ஏதோ ஒரு விளிம்புவரை வந்து
சட்டென்று நின்றன.
நடுவில் வெறும் தாள்.
ஜன்னலில் பெய்த பனியைக்கூட
மூன்றாம் கட்டச் சாம்பலாக்கிவிட்டு
முதல் கட்டத்தை அங்கே
தொடாமல் விட்டிருந்தாள்.

அந்த வெள்ளைக்குக் கொஞ்சம் கூன்.
இடது தோள் தாழ்ந்திருந்தது.
டயர் உருட்டிய தோள்.
அவளிடம் நான் கடையைப் பற்றிச் சொன்னதே இல்லை.

"முடிக்கவில்லையே" என்றான் கார்லோ.
அவள் தோளைக் குலுக்கினாள்.
"இவர் ஆடிக்கொண்டே இருந்தார்.
சுவர் ஆடவில்லை."

நான் ஆடவே இல்லை என்றுதான்
இத்தனை நேரம் நினைத்திருந்தேன்.

இருட்டியபின் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தால்
கார்களே இல்லை. வெள்ளை மேடுகள்,
ஒன்றைப் போல் ஒன்று.
தட்டித் தட்டிப் பார்த்தேன்.
யாரோ ஒருவரின் கண்ணாடியைத் துடைத்து
உள்ளே குழந்தை இருக்கை கண்டு விலகினேன்.
கை விறைத்தது.

அப்புறம் மேடுகளை விட்டுவிட்டு
மேடுகளுக்கு நடுவே பார்த்தேன்.
சந்து, சந்து, சந்து,
எல்லாம் கோடு போட்டதுபோல் நேராக.
ஒன்று மட்டும்
ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகி
ஆப்பு மாதிரி.

நான் எப்போதும் கோணலாகத்தான் நிறுத்துவேன்.