மூன்று படி

காலை ஆறரை. ஷெப்பர்ட்டனில்
பேரிக்காய்த் தோட்டங்களுக்கு மேல் இன்னும் பனிமூட்டம்.
பதினாலு கூண்டு, பதினாலு வால்,
வாய் உறைந்துபோன ஒரு தண்ணீர்க்குழாய்.
சனிக்கிழமைகளில் என் கைக்குக் குளோரின் மணம்.

எல்லாம் ஓட்டப்பந்தய நாய்கள்.
நாலு வயதில் ஓய்வு.
மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடும்,
மாடிப்படி தெரியாது.
கண்ணாடிக் கதவு தெரியாது:
முட்டிக்கொண்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும்,
நாம்தான் காற்றைக் கெட்டியாக்கி வைத்ததுபோல.
உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு வெருளும்.
பூனை பெரிய விஷயம்,
அதற்குத் தனிப் படிவம்.

லொரெயின் பழப்பெட்டிப் பலகைகளை உடைத்து
மூன்று படி அடித்து வைத்திருக்கிறாள்,
புல்லுக்கு நடுவில்,
எங்கேயும் போகாத படி.
என் வேலை அதில்தான்.
முன்கால் இரண்டையும் தூக்கி முதல் படியில் வைப்பேன்,
பிறகு பின்கால்,
பிறகு ஒரு துண்டு சீஸ்.
"வாடி பிள்ளை, ஒண்டுமில்லை, படிதான்."
தமிழில்தான் சொல்வேன்.
இவற்றுக்கு ஆங்கிலம் என்றால் ஓடு.
எனக்கு நெடுங்காலம்
ஆங்கிலம் என்றால் பொறு.

புதிதாக வருபவற்றின் காதுமடலைத் திருப்பி
உள்ளே பச்சை குத்திய எழுத்துகளை
லொரெயின் உரக்க வாசிப்பாள், நான் பதிவேன்.
எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்
எப்படித் திரும்பிப் பார்ப்பது என்று எனக்கும் தெரியும்.
அவளிடம் சொன்னதில்லை.
தேநீர் இடைவேளை பத்து நிமிடம்தான்.

கானிங் தொழிற்சாலையில் என் பக்கத்து பெல்ட்டில் நிற்கும் இன்பராசா
போன கிழமை சிரித்தான்:
"சனிக்கிழமையும் நாய்ப்பிழைப்போ?"
ஓம் என்றேன். சம்பளமும் இல்லை என்றேன்.
நம் வாயில் கோபம் வந்தால் முதலில் வருவதும் இதுதான்,
நாயே என்று.
ஏழாம் கூண்டில் நின்று அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.
வாலை ஆட்டியது.

ஏழாம் கூண்டுக்காரிக்குப் பந்தயத்தில் இடிமின்னல் ராணி என்று பெயர்.
ஒருமுறையும் வென்றதில்லை.
நான் வைத்த பெயர் முருங்கைக்காய்.
இரண்டு வீடு போய்த் திரும்பி வந்தவள்,
முதல் வீட்டில் கிளிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்,
இரண்டாவதில் படிக்கட்டு.
ஆறு கிழமை பாடம் நடத்தினேன்.
மூன்று படியையும் தானே ஏறி
மேலே நின்று ஊரையெல்லாம் பார்த்தாள்,
இறங்க மட்டும் மறுத்துவிட்டாள்.
தூக்கித்தான் இறக்கினேன், இருபத்தாறு கிலோ.

நான் எடுக்கக் கூடாதா என்று கேட்பார்கள்.
விசாத் தாளில் நாயைப் பற்றி ஏதுமில்லை.
வாடகைத் தாளில் இருக்கிறது.

இன்று மூன்று குடும்பம் வந்தது.
மூன்றும் குட்டி இல்லையா என்று கேட்டுப் போனது.
மூடும் நேரத்தில் மரிசெல் வந்தாள்,
முதியோர் இல்லத்து இரவு வேலைச் சீருடையோடு.
"பகலில் நான் தூங்குவேன். இவள் என்ன செய்வாள்?"
"இவளும் தூங்குவாள்."
படிவத்தில் ஏன் நாய் வேண்டும் என்ற கேள்விக்கு
நாலு வரி எழுதி,
நாலையும் வெட்டி,
சோபா பெரியது என்று எழுதியிருந்தாள்.

வீட்டில் எத்தனை படி? நான்தான் கேட்டேன்.
"படியே இல்லை. தரைவீடு."
எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

காருக்குள் ஏறத் தெரியவில்லை.
முன்கால் இரண்டையும் தூக்கி வைத்தேன்,
பின்கால் தானாக வந்தது.
சீஸ் எடுத்துவர மறந்துவிட்டேன்.
கண்ணாடியில் மூக்கு வைத்த ஈரம்
கார் திரும்பும்வரை தெரிந்தது.

ஏழாம் கூண்டைக் கழுவிவிட்டு
மேல்படியில் இருந்து மிச்சச் சீஸைத் தின்றேன்.
லொரெயினின் வண்டியில் இன்னொன்று வந்து இறங்கியது,
ஒரு காதில் தழும்பு, கறுப்பு.
மாலை வெயிலில் நீண்டு கிடந்த என் நிழல்வரை வந்து,
அதைத் தாண்டலாமா என்று தெரியாமல்
ஒரு காலைத் தூக்கியபடி
நின்றது.