சுரண்டிய இடம்

செவ்வாய்ப்பேட்டையில் என் கடைக்கு போர்டு கிடையாது.
ஒரு மேசை, ஒரு மெஷின்,
காற்றுப் படாமல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு.
கொலுசு வரும். ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி
டச் சொல்வேன்:
எழுபத்திரண்டு. அறுபத்தெட்டரை.
கொண்டுவந்தவர் முகம் பார்த்துச் சொன்னதில்லை.
இருபத்தாறு வருஷம் இதே வாய்.
போன ஆவணியில் ஒரு நாள்
இட்லி நெஞ்சோடு நின்றுவிட்டது.

ஒன்பது மணி நேரம் அறுத்தார்கள்.
உணவுக்குழாயை எடுத்த இடத்துக்கு
இரைப்பையை நீட்டி மேலே இழுத்துத் தைத்தார்கள்.
பசி இப்போது கழுத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது.
தலை தாழ்ந்தால் தின்றது திரும்பி வரும் என்று
மூன்று தலையணையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன்,
ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் போகிறவனைப் போல,
எங்கும் போகாமல்.

பதினெட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது.
நெறிக்கட்டி இருபத்திரண்டு எடுத்ததில் இரண்டில் இருந்தது.
பி ஐம்பத்துமூன்று, கெட்டிருக்கிறது.
கே.ஐ. அறுபத்தேழு, எழுபது சதவீதம்.
அறுபத்தேழு வெறும் பெயராம், எழுபதுதான் கணக்காம்.
தனக்கொடி இரண்டையும் கூட்டப் பார்த்தாள்.
பிறகு, எழுபது நல்லதுதானே என்றாள்.
நம் கடையில் நல்லதுதான்.

லேப் டாக்டர் பர்வீனிடம் கேட்டேன்:
எந்த இடத்தில் சுரண்டினீர்கள்?
அவருக்குப் புரியவில்லை.
ஒரே கொலுசுதான் டாக்டர்,
பத்தவைத்த கண்ணியில் ஒரு டச், முத்துக்குக் கிட்டே ஒன்று,
திருகில் வேறு. இடம் சொல்லாவிட்டால்
எண்ணை நாங்கள் வாங்குவதில்லை.
பேனாவை மூடி வைத்தார்.
"எங்கே அதிகமாகப் பெருகுகிறதோ
அங்கேதான் தேடிப் போய் எண்ணுவோம்."
சரி, அப்படியென்றால்
வாங்குகிறவன் பக்கம் நின்று சுரண்டியிருக்கிறார்.
வாங்குகிறவன் யார் என்று நான் கேட்கவில்லை.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார்.
நீலப் புள்ளிகள். நடுநடுவே, இல்லை,
எங்கு பார்த்தாலும் பழுப்பு,
ஏற்காட்டில் களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டை மாதிரி.
பழுப்பெல்லாம் ரெண்டாகப் பிரிய நிற்பவை என்றார்.
என் சோற்றில் வளர்ந்தவை.
அழகாகத்தான் இருந்தது, அதை அங்கே சொல்லவில்லை.

எவ்வளவு நாள்?
"நூறு பேருக்கு எப்படிப் போகும் என்று சொல்ல முடியும்.
உங்களுக்கு, தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும்.
நல்ல பக்கம் சாயவில்லை.
கீமோ இருக்கிறது, அப்புறம் ஒரு புது ஊசி,
மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன்."
அந்த நூறு பேரில் நான் எத்தனையாவது என்று
கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன்.
வெள்ளி என்னை அப்படிக் கேட்டதில்லை.

ஐந்து ரோட்டில் சிக்னல் விழுந்தது.
தட்டுவடை செட்டுக்காரன் பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தான்.
அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பச்சை விழும் வரை.

இன்று காலை
வாழப்பாடியிலிருந்து ஒரு பெண், மகளின் காலேஜ் பீஸுக்கு,
தன் கல்யாணக் கொலுசோடு வந்தாள்.
கண்ணியில் சுரண்டினேன். முத்துக்குக் கிட்டே.
திருகில்.
ஒரு இடம் போதாதா என்றாள், பஸ்ஸுக்கு நேரமாகிறதாம்.
மூன்று எண்ணையும் சீட்டில் எழுதினேன்.
முதல் தடவையாக முகத்தைப் பார்த்தேன்.
இடது புருவத்தில் ஒரு தழும்பு.
"இதுல எதுங்க நெசம்?"

போனில் அலாரம் அடித்தது. பதினொன்றரை,
அரை இட்லி நேரம்.
ஒரு நிமிஷம் இரும்மா என்று திரும்பி உட்கார்ந்து
இருபது தடவை மென்றேன்.
மலையிலிருந்து வரும் கடைசி பஸ் போல
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் நின்று, முனகி,
பிரேக் பிடித்து
இறங்கியது.