ஆகவே

பெண்பெயர் போல் ஒலிக்கும் தீவு, சித்ரா.
பஹ்ரைன். முகாமின் சாப்பாட்டுக்கூடக் கதவில்
வியாழக்கிழமை ஒட்டினார்கள்:
ஆங்கிலம், இந்தி, அதன் கீழே
நான் மொழிபெயர்த்த தமிழ்.
நேரக்கணக்கு எழுதுபவன் நான்.
மொழிபெயர்ப்புக்குத் தனிக்கூலி இல்லை,
ஒரு தேநீர்.

"நாம் ஒரே குடும்பம்" என்று தொடங்குகிறது.
தட்டச்சில் என் விரல் அங்கே நின்றது.
பன்னிரண்டு பேருக்கு ஒரு குளியலறை,
அந்த வகையில் குடும்பம்தான்.

"இரு மாத ஊதியம் தள்ளிவைக்கப்பட்டுள்ளது."
செயப்பாட்டுவினை. பள்ளியில் படித்தது.
ஊதியத்தை எழுவாயாக உட்காரவைத்துவிட்டால்
தள்ளிவைத்தவர்
வாக்கியத்தைவிட்டு நடந்து வெளியேறலாம்,
ஏசி ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை வண்டிக்கு.

"பெரும்பாலானோர் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டனர்."
பட்டியல் என் மேசையில்தான் இருந்தது.
முந்நூற்று நாற்பது பேரில் பதினொன்று.
அதில் ஒருவன் மார்ச்சிலேயே ஊர் போய்விட்டான்.

"ஒப்புபவர் நம்மோடு. மற்றவருக்கு விமானச்சீட்டு தயார்."
இரண்டே கதவு வரைந்த வீடு.
தொழிலாளர் துறைக்குப் போகும் பேருந்து
அந்தப் படத்தில் நிற்பதில்லை.

"எண்ணெய் விலை சரிந்துள்ளது. ஆகவே..."

அப்போதுதான் இன்னாசி தட்டோடு வந்தான்.
சாரம் சோதிப்பவன்.
கால் ஊன்றியிருக்கிறதா, கப்ளர் இறுகியிருக்கிறதா,
பலகை நுனி வெளியே நீட்டுகிறதா,
பார்த்துவிட்டுப் பச்சைச் சீட்டோ சிவப்புச் சீட்டோ
மாட்டுவது அவன் வேலை.
குழம்பு படிந்த விரலை
என் "ஆகவே" மேல் வைத்தான்.
"இதுக்குக் கீழ காலே இல்லையேடா.
எண்ணெய் அந்தப் பக்கம், நம்ம சம்பளம் இந்தப் பக்கம்.
நடுவுல பலகை எங்க?
இதுல எவன் நடப்பான்?"
சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து
அறிவிப்பின் மூலையில் செருகினான்.
சிரித்தோம்.

இரவு பதில்கடிதம் எழுதினேன்.
கோபத்துக்குத் தமிழ் தானாக வளைந்து கொடுத்தது.
"எங்கள் குழந்தைகளின் பசி உங்களைச் சும்மா விடாது."
"முந்நூற்று நாற்பது பேரும் ஒரே குரலில்."
"இன்று சம்பளம், நாளை சோறு, மறுநாள் உயிர்."
"மனைவியிடமே பொய் சொல்லும் மேலாளர்
எங்களிடம் மெய் பேசுவாரா?"

உரக்க வாசித்தேன். கைதட்டினார்கள்.
நாகூர் கனி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.
இன்னாசி தட்டவில்லை.
"முந்நூத்தி நாப்பதா? ஏழாம் ரூம்ல கேட்டியா?"
கேட்கவில்லை.
"உனக்குக் கல்யாணமே ஆகல. எந்தக் குழந்தை?"
பொதுவாகச் சொன்னேன்.
"அவன் பொண்டாட்டி சங்கதி
நம்ம சம்பளத்துக்கு எந்தக் கால்?"

சிவப்புச் சீட்டு என் தாளிலும்.

எரிந்தது எனக்கு.
நம் பக்கத்துப் பொய்க்குமா சோதனை?
கைதட்டல் இன்னும் காதில் இனித்துக்கொண்டிருந்தது.
இதே இனிப்புக்காகத்தானோ
அவரும் "குடும்பம்" என்று எழுதச் சொன்னார்?
தெரியாது. அவர் மனதை நான் எழுத முடியாது,
அதற்கும் கால் இல்லை.

அடித்தேன். அடிக்க அடிக்கக் கடிதம் மெலிந்தது.
ஏப்ரல், மே. அறுபத்தொரு நாள்.
ஒப்பந்தம், பக்கம் நான்கு: சம்பளம் மாத இறுதியில்.
கையெழுத்திடாதவர் பெயர்கள் இணைப்பில்.
எந்தத் தேதியில் தருவீர்கள்?

"சப்புன்னு இருக்கு. சாரமே இல்ல" என்றான் கனி.
"சாரம் மட்டுந்தான் இருக்கு" என்றான் இன்னாசி.
தாளை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி
கீழிருந்து மேலாக வாசித்தான்.

கடைசி வரிக்கு முன்னால்
"ஆகவே" போடலாமா என்று கேட்டேன்.

"இப்பப் போடு."

எத்தனை பேர் என்ற இடம் மட்டும் காலி.
ஏழாம் அறையின் எட்டுப் பேர் இரவுவேலையில்.
கேட்காமல் எண்ணக்கூடாது.
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தோம்,
சுத்திகரிப்பு ஆலையின் சுடர்
சன்னலில் ஆடிக்கொண்டிருக்க.