படம் ஏழு

படம் ஏழில் ஒரு குழாய்.
கறுப்புக் கோடு, கீழே ஒரு சொட்டு.
கோஷித்ஸேயிலிருந்து வந்த உளவியல் அம்மாள் கேட்டாள்:
"இதில் தண்ணீர் வர என்ன செய்யணும்?"

ஆறு வயது தெஸிதேர் யோசிக்கவே இல்லை.
"அட்டை வேணும்."

திருக வேண்டும் என்பதுதான் விடை.
தாளில் ஒரு சைபர்.
இத்தனை சைபருக்கு மேல்
சோதிக்க வேண்டாம் என்று விதி இருக்கிறது.
செப்டம்பரில் அவனைப்
பின்கட்டு வகுப்புக்கு அனுப்பினார்கள்.
அங்கே பத்து வயதிலும்
பொத்தான் கோக்கச் சொல்லித் தருவார்கள்.

அந்த அட்டையை அச்சுக்குக் கொடுத்தவன் நான்.

நகராட்சி, இரண்டாம் மாடி, சமூகநலப் பிரிவு.
ஓடைக்கு அப்பால் நானூறு ரோமா ஜனங்கள்,
அவர்களுக்கு நீலப் பெட்டியில் ஒற்றைக் குழாய்.
காசு ஏற்றிய அட்டையைக் காட்டினால் பத்து லிட்டர்.
காலை ஏழு முதல் ஒன்பது,
மாலை நாலு முதல் ஆறு.
நேரத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.
ஏன் ஏழு என்று எவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
காவலாளி வரும் நேரம் என்றிருப்பேன்.
பள்ளிப் பேருந்து ஆறு ஐம்பதுக்கு.
இரண்டு அட்டவணையும் என் மேஜையில்
ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் கிடந்தன.
முகம் கழுவாமல் வருகிறார்கள் என்று
பள்ளி எழுதிய கடிதமும்
அவற்றின் மேல்.

யோலானா வந்தாள், தெஸிதேரின் தாய்.
வரிசைச் சீட்டு நாற்பத்தொன்று.
இனம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்றேன்.
"மனுஷ்" என்றாள், அவள் மொழியில்.
பட்டியலில் அது இல்லை.

"ஹுடாக் ஐயா,
என் பையன் சரியாத்தானே சொன்னான்?"

'கோரிக்கையின் பொருள்' என்ற கோட்டின் மேல்
என் பேனா வெகுநேரம் நின்றது.
மை ஊறிப் பொட்டானது.

ஜனவரியில் அங்கே போனேன்.
மனசாட்சி உலுக்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
தணிக்கை வந்திருந்தது,
மீட்டர் பார்க்க ஆள் இல்லை.
பாலத்தோடு தார் முடிந்துவிடுகிறது.
பனியில் இருபது, முப்பது வாளிகள் வரிசையில் நின்றன.
வாளிகளை இடம் போட்டுவிட்டு
ஆட்கள் குளிருக்கு உள்ளே போயிருந்தார்கள்.
ஏழு அடித்தது. பெட்டி அசையவில்லை.
உறைந்துபோயிருந்தது.

அகாதா வந்தாள்.
அந்தத் தெருக்காரி, சுகாதாரப் பணியாளர்.
அரைநாள் சம்பளம், ராத்திரியும் வேலை.
எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி,
எந்த வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வர மறுத்தது,
எல்லாம் அவள் நாக்கு நுனியில்.
கெட்டிலில் பனியை அள்ளிப் போட்டு
அடுப்பில் உருக்கிக் கொண்டுவந்தாள்.
"குழாயில தண்ணி வரணும்னா
முதல்ல தண்ணி ஊத்தணுமே ஐயா"
என்று சிரித்தாள்.
என்னால் சிரிக்க முடியவில்லை.
காலுறைக்குள் விரல்கள் மரத்திருந்தன.

பிறகு தீர்மானம் எழுதினேன்.
அட்டை வேண்டாம், நேரம் வேண்டாம்,
வீட்டுக்கு வீடு குழாய், அகாதாவுக்கு முழுச் சம்பளம்.
வீணடிப்பார்கள் என்றார் ஒரு உறுப்பினர்.
அவர் முன்னால்
மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் இருந்தது.
ஒன்பது கூட்டம். நாலு ஒத்திவைப்பு.
கடைசியில் ஒரு வாக்கில் தப்பியது,
அகாதாவின் சம்பளத்தை வெட்டிவிட்டு.

குழாய் பதினாலாம் வீடு வரை போயிருக்கிறது.
அதற்கு மேல் நிலத்துக்குப் பட்டா இல்லையாம்.
யோலானாவின் வீடு பத்தொன்பது.
பதினாலாம் வீட்டுக்காரர் முற்றத்துக் குழாயைப்
பூட்டுவதில்லை.
அதை நாங்கள் எந்தத் திட்டத்திலும் எழுதவில்லை.

நேற்று மறுசோதனை.
தெஸிதேருக்கு இப்போது ஒன்பது.
கதவுக்கு வெளியே பெஞ்சில்
யோலானாவும் நானும்.
அதே அம்மாள், அதே படம் ஏழு,
அதே கேள்வி.

இந்த முறை அவன் யோசித்தான்.
"எந்தக் குழாய்?
பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

உள்ளே பென்சில் சத்தம் கேட்கவில்லை.
யோலானா என் கையைப் பிடிக்கவில்லை,
தன் கையையே பிடித்துக்கொண்டிருந்தாள்.