மேசை மேசை கண்ணாடி

பதினொரு கசெற்றுகள் வந்தன
மூடி பிதுங்கிய பிஸ்கட் தகரத்தில்.
இசெயின், ஓயோ, எழுபத்தொன்பது என்று
நீல மையில் கணக்கு வாத்தியாரின் எழுத்து;
ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவர்.

நூலகத்துக்கு மேளம் மட்டும் போதுமாம்.
பேச்சை, இருமலை, சேவலை
வெட்டி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன்.
வாசலில் பஸ் நிலையத்து மான் ஒன்று
பழைய பில் புத்தகத்தை மென்றுகொண்டு நின்றது.

இரண்டாவதின் பின்பக்கம்
எண்பத்தைந்தில் யாரோ மேலே பதிந்தது:
ஊரடங்கு அறிவித்தபடி ஒரு வான்
உட்துறைமுக வீதியால் போகிறது.
அதன் அடியில், மிக அடியில்,
ஓயோவில் ஒரு கல்யாணம்
நடந்துகொண்டே இருந்தது.

மூன்றாவதில் முதலில் மழை.
தகரக்கூரை மழை,
நம்முடையதைவிடத் தடித்த துளி.
பிறகு மேளம்.
உடுக்கைக்குச் சொந்தம்தான்,
சத்தத்திலேயே இடை தெரிகிறது.
அக்குளில் இடுக்கி வாரை நெரிக்க நெரிக்க
தோல் ஏறி இறங்கிக் கதைக்கிறது.

நிறுத்திவிட்டு அயன்தோலா கேட்கிறான்:
உன் பேர் என்ன?
குலநாயகம்.
எதை மேலே சொல்ல, எதைக் கீழே?
எல்லாம் ஒரே மட்டம்.
சிரிப்பு. நாலைந்து பேர், ஒரு பிள்ளை.
இவ்வளவு மட்டமான பேரை
மேளம் எப்படிக் கூப்பிடும்?

கொஞ்ச நேரம் மழை மட்டும்.
பிறகு அவனே போட்டுக் கொடுத்தான்:
கீழ், கீழ், மேல், நடு, கீழ்.

தவமலர் ரீச்சர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்,
மடியில் கைப்பை,
காலடியில் சொட்டும் குடை.
"அதைத் திருப்பிப் போடும் தம்பி."
ஏழு தரம் போட்டேன்.
"இது ஆற்ற பேர் தெரியுமே?"
"ஓம். குலநாயகம் சேர்."
"அப்பிடி இல்லை."

நாற்பத்தொரு வருஷம்
இவர், இஞ்சருங்கோ, பிள்ளையின்ர அப்பா.
மரணச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில்
இறந்தவர் பேர் என்ன என்ற கிளாக்கருக்கும்
அடையாள அட்டையைத்தான் நீட்டினாராம்.

விரலை மடக்கினார்.
மேசையில் ஒன்று. மேசையில் இன்னொன்று.
காட்சிப்பெட்டிக் கண்ணாடியில் ஒன்று,
உள்ளே சார்ஜர்கள் அதிர.
எட்டிப் பிஸ்கட் தகரத்தில் ஒன்று.
திரும்பி மேசை.

இல்லை என்று தலையாட்டி
மறுபடி.

கரண்ட் போய் வந்தது.
மான் போய்விட்டது.
கூச்சமில்லாமல், முதன்முறையாக,
ஊர் கேட்க
புருஷனின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவு வெட்டினேன்
சேவலை, இருமல்களை, ஒரு பஸ் ஹோர்னை.
மூன்றாவதில் கத்தி வைக்கவில்லை.
என்னவென்று கேட்டால்
கேட்கட்டும்.

மறுநாள் காலை கடை திறக்கமுன் நின்றார்.
"கசெற் இருக்கட்டும் தம்பி,
தகரத்தைத் தாரும்.
வீட்டில மேசை இருக்கு, கண்ணாடி இருக்கு.
நடுச்சத்தம் இதிலதான்."