லினன் அறை

கீரை கழுவினாலும் துளி எண்ணுகிறேன்.
குழாய், நிமிஷத்துக்கு நாற்பது.
சேலைன் எண்டால் அது கூடிப்போச்சு என்று
கை தானாகப் போய் இறுக்குகிறது.
அடுத்த வீட்டுக் குக்கர் விசிலடித்தால்
எந்தக் கட்டில் என்று திரும்பிப் பார்க்கிறேன்.
மகன் சிரிக்கிறான்:
"அம்மா, அது பருப்பு."

மார்கழி மழை. டெங்கு.
யாழ்ப்பாணம் முழுதும் எங்கள் வாட்டில் படுத்திருக்கிறது,
கட்டிலுக்கு இரண்டு பேராக,
கட்டிலுக்குக் கீழே பாயில் இன்னொருவராக.
ரோஸ்டரில் ஒன்பது பெயர்.
நிற்பது ஐந்து பேர்.
மிச்ச நாலில் இரண்டு கனடா, ஒன்று பிரசவம்,
ஒன்று சொல்லாமலே நின்றுவிட்டது.
அந்தப் பெயரை இன்னும் யாரும் வெட்டவில்லை.

போன மாதம் பெரிய மண்டபத்தில் ஒரு செயலமர்வு வைத்தார்கள்.
மூச்சை இழுங்கோ, விடுங்கோ என்று
திரையில் ஒரு தாமரை விரிந்தது.
இழுத்தது ஞாபகம் இருக்கிறது.
விட முதல் தூங்கிவிட்டேன்.
சோற்றுப் பார்சல் நல்லாயிருந்தது.

லினன் அறையைத் திறந்துவிட்டது ஜஸ்ரினா சிஸ்டர்.
இரவு முறை முடிந்து, பாரம் கொடுத்து,
அதற்குப் பிறகு ஏழு நிமிஷம்.
கதிரை இல்லை. துணி மூட்டைகளில் இருக்கவேண்டியதுதான்,
டொக்டரும் மூட்டை, ட்ரொலி தள்ளுபவரும் மூட்டை.
ஒரு வெறும் மருந்துப் போத்தல் கை மாறி வரும்.
அது கையில் இருக்கிறவர் கதைக்கலாம்,
கதைக்காமலும் விடலாம்.
புத்தி சொல்லக்கூடாது.
"எனக்கும் உப்பிடித்தான்" என்றும் சொல்லக்கூடாது.
அது பறிக்கிறது என்பார் சிஸ்டர்.

முதல் கிழமை போத்தலைத்தான் எல்லாரும் பார்த்தோம்.
டொக்டர் வாகீசன் லேபிளை
காலாவதித் திகதி வரைக்கும் வாசித்துவிட்டு
பக்கத்தில் கொடுத்தார்.

அன்று காலை அது குகநிதி அண்ணையிடம் நின்றது.
"ரெண்டரை மணிக்கு," என்றார்,
"ட்ரொலி எங்க, செத்துப் போனியளோ எண்டு கத்தினவை."
ஆர் என்று சொல்லவில்லை.
"அப்ப நான் அந்த மோட்டார்சைக்கிள் பெடியனை
சவச்சாலைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தனான்.
நல்ல மழை.
துணி நனைஞ்சால் முகம் அப்பிடியே தெரியும்.
வாசலிலை தாய் நிண்டவ.
அதாலை குடையை அவனுக்குப் பிடிச்சனான்.
ஒரு கையாலை தள்ளினால்
ட்ரொலி மெதுவாத்தான் போகும்."

போத்தல் எனக்கு வந்தது.
அவருடைய சேட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டு
இன்னும் காயாமல் இருந்தது.
"நான்தான்," என்றேன்.
அதற்கு மேலும் இருந்தது, வாய்க்கு வரவில்லை.
"ஓம்," என்றார்.
மன்னித்த ஓம் இல்லை அது.
கேட்டது கேட்டுது என்கிற ஓம்.
ஏழு நிமிஷம் முடிந்தது.
மூட்டைகளைச் சலவைக்கு எடுக்க ஆள் வந்து
எங்களை எழும்பச் சொன்னது.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.
மூட்டையில் இருந்து எழும்பினால் ஆள் கூடிவிடாது,
இன்றிரவும் ஐந்து பேர்தான்.
அதற்கு ஜஸ்ரினா சிஸ்டர் மாதாமாதம்
பணிப்பாளருக்குக் கடிதம் எழுதுகிறார்,
பிரதி எடுத்து வைத்துக்கொண்டு.
பதினொரு பிரதி இருக்கிறது.

பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ் நின்றது.
ஜன்னல் பக்கம் இடம்.
தொலைபேசியை அணைத்து பையின் அடியில்,
சோற்றுப் பெட்டிக்குக் கீழே வைத்தேன்.
கோப்பாய் கண்ட ஞாபகம்.
நெல்லியடியில் கொண்டக்டர் பெடியன்
இரண்டு தரம் எழுப்பினானாம்.

பருத்தித்துறையில் இறங்கி
கடல் காற்றில் கொஞ்சம் நின்று
திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.
அதிலும் தூங்கினேன்.